குடிக்கக் குடிக்க ஏறிய மருந்து

குன்னூரில் துப்பறியும் அலுவலகம் வைப்பதும் ஊட்டியில் ஐஸ் வண்டி தள்ளுவதும் ஒன்றுதான் என்பது ஆறுக்குட்டியின் கட்சி. வருகிறவர்கள் விலை கேட்பார்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்பார்கள், மலை இறங்கிவிடுவார்கள். அந்தப் புதன்கிழமை பதினொன்றேகாலுக்குப் போனில் வந்த ஆள் மட்டும் விலையே கேட்கவில்லை.

"விலை கேக்காம ஒருத்தர் வேலை குடுத்தா, ஒண்ணு பெரிய பணக்காரரா இருக்கணும், இல்லைன்னா பெரிய பயத்துல இருக்கணும்," என்றான் ஆறுக்குட்டி.

"பயம்," என்றாள் வேலாமணி, ஸ்வெட்டரை மாட்டியபடி. "வண்டியை எடு."

ஆம்னி வேன் ஜெகதளா சாலையில் இருமிக்கொண்டே ஏறியது. வேலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பாவின் ஜவுளிக் கடையில், புடவையைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அதை மடியில் வைத்திருக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள். வாய் சொல்வது ஒரு கணக்கு, கை செய்வது வேறு கணக்கு என்பதை அங்கேதான் படித்தாள். துப்பறிவதற்கு அதற்கு மேல் படிப்பு தேவைப்படவில்லை.

"கூப்பிட்டது டாக்டர் பிரீத்தி. செண்பகத்துறை எஸ்டேட்ல இந்துன்னு ஒரு குழந்தை. மூணு வயசு, பதினோரு கிலோ. வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல். நேத்து ராத்திரி வாந்தி, விடியக்காலைல கண்ணைத் தொறக்கல. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பார்த்தா கல்லீரல் கெட்டுக்கிட்டிருக்கு."

"காய்ச்சலுக்கு டாக்டர் போதாதுங்களா? நாம எதுக்குக்கா?"

"குழந்தைக்கு யாரோ விஷம் வெச்சுட்டாங்கன்னு அப்பன்காரன் சொல்றான். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்துல இருக்கிற ஆயாம்மாதான்னு கைகாட்டறான். தேயிலைக்கு அடிக்கிற பூச்சி மருந்தாம். டாக்டருக்கு நம்பிக்கையில்லை. பூச்சி மருந்துன்னா கண்ணும் எச்சிலும் வேற மாதிரி இருக்குமாம்."

"அப்ப யாருன்னு கண்டுபிடிக்கணும்."

"யாருங்கறது அவங்களுக்கு வேண்டாம். என்ன, எவ்வளவு. அது போதும்ங்கறாங்க. ஒவ்வொரு விஷத்துக்கும் மாத்து மருந்து வேற. கோயம்புத்தூர்ல இருந்து மேல வர மூணு மணி நேரமாகும். ரெண்டு மணிக்குள்ள எதைக் கொண்டு வரணும்னு சொல்லியாகணும். தப்பா சொன்னா இன்னொரு தடவை சொல்ல குழந்தை இருக்காதாம்."

ஆறுக்குட்டி கியரை மாற்றினான்.

* * *

செண்பகத்துறை எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகம் பச்சைத் தகரக் கூரையும் ஒற்றைக் கதவும் கொண்ட நீளமான அறை. கதவில் பூட்டு தொங்கியது. வெளியே முப்பது பேர், பெரும்பாலும் இலை பறிக்கிற பெண்கள், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவோடு நின்றார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் முப்பது வயது ஆள் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். குரல் உடைந்து போயிருந்தது, நிறுத்தவில்லை.

"அவன்தான் அப்பா. தினேஷ்குமார். ஃபேக்டரில வேலை. அம்மா சசிரேகா, இலை பறிக்கிறவ, ஆஸ்பத்திரில குழந்தைகிட்ட இருக்கா," என்றாள் வேலாமணி.

"ஏனுங்க, நீங்கதான் டாக்டரம்மா அனுப்பிச்ச ஆளுங்களா?" தினேஷ்குமார் ஓடி வந்தான். "உள்ள பூட்டி வெச்சிருக்கறனுங்க. சாவி என்ர சட்டைப் பையில இருக்குது. போலீஸ் வர்ற வரைக்கும் குடுக்க மாட்டனுங்க."

"நாங்க சாவி கேக்கலீங்க," என்றாள் வேலாமணி. "ஜன்னல் போதும்."

ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் வீரம்மா நின்றிருந்தாள். அறுபதை நெருங்கும் வயது. சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். பேச்சில் அந்தத் தோட்டம் இன்னும் இருந்தது.

"பதினெட்டு வருசம் இந்தப் புள்ளக் காம்பராவைப் பாக்குறேன்மா. ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. அந்தப் புள்ளைக்கு நான் குடுத்தது மருந்து மட்டும்தான். காலைல பத்துக்கு ஒரு மூடி, பகல் ரெண்டுக்கு ஒரு மூடி. மிச்சம் ரெண்டு வேளை அவங்க வீட்டுல. விடியக்காலைல ஆஸ்பத்திரிக்கு ஓடுறப்ப அவங்கம்மா போத்தலை எங்கிட்ட விட்டுட்டுப் போச்சு."

"சோறு?"

"ரெண்டு நாளா தொடவே இல்ல."

"அந்த மருந்தைக் காட்டுங்க."

பின்னாலிருந்து தினேஷ்குமார் பாய்ந்தான். "அதை ஏனுங்க பாக்கறீங்க? அது டிஸ்பென்சரி மருந்து. அதுல ஒண்ணும் இல்லீங்க. அவ கஞ்சியில என்ன கலந்தான்னு கேளுங்க!"

வேலாமணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. பிறகு கம்பி வழியாகக் கையை நீட்டி பாட்டிலை வாங்கினாள்.

பழுப்பு நிறக் கண்ணாடி, அறுபது மில்லி. எஸ்டேட் டிஸ்பென்சரியின் லேபிள்: இந்து, காய்ச்சல், ஐந்து மில்லி, நாலு வேளை. அடியில் கொஞ்சம் மருந்து. பாட்டிலின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வெள்ளை பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் கிழமை.

"இது என்னங்க, அளவுகோலா?" என்றான் ஆறுக்குட்டி.

"என் வழக்கம் தம்பி. மருந்து ஊத்தினதும் போத்தல்ல எதுவரைக்கும் நிக்குதோ அங்க ஒரு கோடு. குடுத்தோமா இல்லியான்னு சந்தேகமே வரக்கூடாது. ஒரே நேரத்துக்கு ரெண்டு தடவை குடுத்துறக் கூடாது பாருங்க. எட்டுப் புள்ளைங்க, எல்லாம் ஒரே நேரத்துல அழும்."

வேலாமணி பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு கோடு, உச்சியில். சனிக்கிழமை இரண்டு, நடுவில். ஞாயிறு காப்பகம் கிடையாது. செவ்வாய் இரண்டு, அடியில்.

திங்கள்கிழமையின் முதல் கோடு, சனிக்கிழமைக் கோடுகளுக்கு மேலே இருந்தது.

"ஆறுக்குட்டி, இதைப் பாரு."

பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். "குடிக்கக் குடிக்க ஏறுதுங்களே! அக்கா, இந்த மாதிரி பாட்டில் ஒண்ணு எனக்குக் கிடைச்சா, வேற சரக்கு ஊத்தி வெச்சுக்குவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவனுமே சிரிக்கவில்லை.

"நான் பாத்தேன்மா," என்றாள் வீரம்மா. "திங்கக்கிழமை போத்தல் நெறைஞ்சு வந்துச்சு. டிஸ்பென்சரில திரும்ப ஊத்தியிருக்காங்கன்னு நெனச்சேன். லேபிள் அதேதானே."

"வேற கடை மருந்து கொண்டு வந்தா வாங்குவீங்களா?"

வீரம்மா கதவுக்கு மேலே இருந்த பலகையைக் கையால் காட்டினாள். டிஸ்பென்சரி லேபிள் இல்லாத மருந்து ஏற்கப்படாது என்று எழுதியிருந்தது. "போன வருசம் ஒருத்தர் கூடலூர்ப் பக்கத்துலருந்து வேர்க் கஷாயம் கொண்டாந்து, ஒரு புள்ளைக்கு வயித்தால போயி, மேனேஜர் போட்ட சட்டம். மீறுனா எனக்கு வேலை போயிரும். அந்தப் புள்ளையையும் இங்க சேக்க மாட்டாங்க."

மணி பன்னிரண்டு இருபது.

* * *

டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ரவிச்சந்திரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்டுக்கு டாக்டர் வருவது வியாழக்கிழமை மட்டும். மற்ற நாளெல்லாம் ரவிச்சந்திரன்தான் டாக்டர், நர்ஸ், ஸ்டோர் கீப்பர். பெரிய கேனிலிருந்து சிரப்பை அளந்து பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டிக் கொடுப்பார். பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்தால் மறுபடியும் ஊற்றுவார்.

"இந்து பாட்டிலுங்களா? திங்கக்கிழமை காலைல திரும்ப ஊத்திக் குடுத்தனுங்க. அதே கேன், அதே மருந்து. அஞ்சு மில்லியில நூத்தி இருபத்தஞ்சு மில்லிகிராம். இந்த எடைக்குச் சரியான அளவு."

ஆறுக்குட்டி பெருமூச்சு விட்டான். ஏறிய மருந்தின் மர்மம் தீர்ந்தது. வேலாமணி மட்டும் நகரவில்லை. முதல் விலையைக் கேட்டதும் பேசாமல் நிற்கிற வாடிக்கைக்காரி மாதிரி நின்றாள். ரவிச்சந்திரன் கண்ணாடியின் இரண்டாவது வில்லையையும் துடைத்தார்.

"யாருகிட்டக் குடுத்தீங்க?"

"அவங்கம்மாகிட்டத்தானுங்க. எட்டு மணிக்கு."

"திங்கக்கிழமை சசிரேகா வேலைக்குப் போச்சுங்களா?"

"போச்சுங்களே."

"அப்ப எட்டு மணிக்குப் பிரட்டுல நின்னிருக்கணும். ஆள் எண்ணி வேலைக்குப் பிரிச்சு விடற இடத்தை விட்டுட்டு வந்தா அன்னிக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. பிரட்டு மைதானத்துல ஒரு சசிரேகா, உங்க ஜன்னல்ல ஒரு சசிரேகா. ஒருத்தங்களுக்கு ரெட்டைப் பிறவின்னு எழுதிக்கட்டுங்களா?"

கம்பவுண்டரின் கை நின்றது.

"குழந்தை சாகக் கிடக்குதுங்க," என்றாள் வேலாமணி. குரல் உயரவில்லை. "நீங்க எங்க போனீங்கன்னு நான் மேனேஜர்கிட்ட சொல்லப் போறதில்லை. ஊத்துனீங்களா, இல்லையா?"

"இல்லீங்க." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை லீவு. திங்கக்கிழமை மச்சினி ஊட்டு விசேஷத்துக்குக் கோத்தகிரி போயிட்டனுங்க. மதியம்தான் கதவே தொறந்தேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு... வெள்ளிக்கிழமை ஒரு தடவை குடுத்ததுதானுங்க. அறுபது மில்லி. அது ஞாயித்துக்கிழமையோட தீந்திருக்கணும்."

வெளியே வந்ததும் ஆறுக்குட்டி மெதுவாகச் சொன்னான்: "அந்தப் பொய்யை நாம வாங்கியிருந்தா என்னாகியிருக்கும் அக்கா?"

"பூச்சி மருந்துக்கு மாத்து மருந்து மலை ஏறியிருக்கும்."

மணி ஒன்றாக ஐந்து நிமிடம்.

* * *

லைன் வீடுகளில் தினேஷ்குமாருடையது நான்காவது. அவனே கதவைத் திறந்துவிட்டான். கத்தி ஓய்ந்த உடம்பு கதவு நிலையில் சாய்ந்து நின்றது. ஒற்றை அறை, ஒரு கட்டில், ஓரத்தில் தையல் மிஷின். கட்டில் கம்பியில் இந்துவின் சிவப்பு மப்ளர் தொங்கியது. யாரும் அதைப் பார்க்க விரும்பவில்லை.

"இந்து கடைசியா எதுல சாப்பிட்டா, எதுல குடிச்சான்னு பாக்கணுங்க," என்றாள் வேலாமணி. தட்டுகளை எடுத்தாள், டம்ளரை முகர்ந்தாள். எல்லாம் ஒப்புக்கு. கண் தையல் மிஷினிலேயே இருந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். கிண்ணத்துக்குள் ரப்பர் தலை வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய்.

அதை எடுத்துத் துணியில் துடைத்தாள். குழாயில் சின்னச் சின்ன அளவுக் கோடுகள். அரை மில்லி. ஒரு மில்லி. அதற்கு மேல் இல்லை.

"தையல் மிஷின் எப்ப இருந்து அளந்து எண்ணெய் குடிக்குதுங்க?" என்றான் ஆறுக்குட்டி.

"அது மருந்து பாட்டிலுக்குள்ள வந்ததுங்க. சொட்டு ஊத்தறது. நமக்கு எதுக்கு, வீணாப் போகக் கூடாதுன்னு சசி மிஷினுக்கு வெச்சுக்கிட்டா."

"என்ன மருந்து?"

தினேஷ்குமார் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தாமதித்தான். அந்தக் கணத்தில் அவன் முகத்தில் இருந்தது விஷம் வைத்தவனின் பயமில்லை. சட்டத்தை மீறிவிட்டு மாட்டிக்கொண்டவனின் பயம்.

"அதேதானுங்க. காய்ச்சல் மருந்துதான். ஞாயித்துக்கிழமை குன்னூர் மார்க்கெட் போனப்ப வாங்குனது. பேரு ஒண்ணுதான், நான் லேபிளை ஒப்பிட்டுப் பாத்தனுங்க. டிஸ்பென்சரி மூடியிருந்துச்சு. காய்ச்சல் விடல. கடை பாட்டிலைக் கொண்டு போனா காப்பகத்துல வாங்க மாட்டாங்க. அதனால..."

"அதனால டிஸ்பென்சரி பாட்டில்ல ஊத்துனீங்க."

"ஆமாங்க. ஆஸ்பத்திரில சொல்ல வேண்டாம்னு நான்தான் சசிகிட்டச் சொன்னேன். தெரிஞ்சா இந்துவைச் சேத்துக்க மாட்டாங்க, அவ வேலைக்குப் போக முடியாது. மருந்து ஒண்ணுதானுங்களே?"

"காலி பாட்டில் எங்க?"

விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தான். கட்டை விரல் உயரத்தில் மூன்று பாட்டில்கள். லேபிளில் தவழும் கைக்குழந்தையின் படம். வேலாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கட்டிலின் மேல் வைத்தாள்.

"டாக்டர், பாராசிட்டமால். சொட்டு மருந்து. ஒரு மில்லியில நூறு மில்லிகிராம். பதினஞ்சு மில்லி பாட்டில் மூணு. டிஸ்பென்சரி பாட்டில்ல ஊத்தி, சொட்டுக் குழாய்ல அளக்காம மூடியில அளந்திருக்காங்க. வேளைக்கு அஞ்சு மில்லி."

மறுமுனையில் டாக்டர் பிரீத்தி மூச்சை இழுப்பது கேட்டது.

"எத்தனை வேளை?"

"மூணு பாட்டில்னா ஒன்பது மூடி. பாட்டில்ல மிச்சம் ரெண்டு மூடி இருக்கு. ஏழு வேளை. திங்கள் காலை பத்துல இருந்து நேத்து ராத்திரி ஏழு வரைக்கும்."

"ஏழு... சரி. சரி. கோயம்புத்தூருக்குச் சொல்றேன். அந்தப் பாட்டிலையும் பத்திரமா எடுத்துட்டு வாங்க." அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ வேகமாகச் சொன்னாள். பிறகு மறுபடி: "அப்பா அங்க இருக்காரா?"

"இருக்கனுங்க டாக்டரம்மா," என்றான் தினேஷ்குமார். "மருந்து ஒண்ணுதானுங்களே? கைக்குழந்தை படம் போட்டிருந்துச்சுங்க. கைக்குழந்தைக்கே குடுக்கறதுன்னா இன்னும் லேசாத்தான இருக்கும்?"

"இல்லைங்க." டாக்டரின் குரலில் கோபமில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "கைக்குழந்தை ஒரு மூடி மருந்தை முழுங்காது, துப்பிரும். அதனால கொஞ்சத்துலயே நிறைய மருந்தை அடக்கி வெச்சிருப்பாங்க. ரெண்டுலயும் பேரு ஒண்ணு, கெட்டி வேற. இது டிஸ்பென்சரி சிரப்பைவிட நாலு மடங்கு. ஒரு மூடிங்கறது பெரியவங்க போடற முழு மாத்திரை ஒண்ணு. பதினோரு கிலோ குழந்தைக்கு, ரெண்டே நாள்ல ஏழு."

தினேஷ்குமார் தரையில் உட்கார்ந்தான்.

"பொழைச்சுக்குவாளுங்களா?"

"நேரம் இருக்கு. இன்னிக்கு ராத்திரி தாண்டணும். அதுக்கு மேல இப்ப என்கிட்டக் கேக்காதீங்க. காலைல நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா ஏழு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். திட்டறதுக்காகச் சொல்லலை. வேற எதுவாச்சும் குடுத்திருந்தா இப்பவே சொல்லுங்க. சளி மருந்து, வலி மாத்திரை, எதுன்னாலும். அதுலயும் இதே மருந்து கலந்திருக்கும்."

"வேற எதுவும் இல்லீங்க. சத்தியமா இல்லீங்க."

போன் வைக்கப்பட்டது. மணி ஒன்று நாற்பது. தினேஷ்குமார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். ஆறுக்குட்டி அவன் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான்.

* * *

பூட்டைத் திறந்தது தினேஷ்குமார்தான். கூட்டம் அவன் முகத்தைப் பார்த்தே அமைதியாகிவிட்டது. நடந்ததை அவனே சொன்னான். சட்டத்துக்குப் பயந்து ஊற்றியது, படத்தைப் பார்த்து ஏமாந்தது, மூன்று பாட்டில், ஏழு மூடி. சொல்லி முடித்துவிட்டு வீரம்மாவின் காலைத் தொடக் குனிந்தான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என் கால்ல விழாதீங்க. அந்த ஏழுல நாலு மூடி நான் குடுத்தது. இந்தக் கையால. வேண்டாம்னு தலையைத் திருப்புச்சு. மூக்கைப் பிடிச்சுக் குடுத்தேன்."

அவள் உள்ளே போனாள். ஒரு தட்டோடு திரும்பி வந்து அதை வாசற்படியில் வைத்தாள். தட்டில் பழுப்பு நிற பாட்டில்கள் ஐந்து. எல்லாவற்றிலும் டிஸ்பென்சரி லேபிள், எல்லாவற்றிலும் பிளாஸ்திரி.

"லேபிளை நம்பித்தான் குடுத்தேன். இனி எப்படி நம்புறது? இந்த அஞ்சுல எதுல என்ன இருக்குன்னு ஊத்தினவங்களே சொல்லுங்க."

தகரக் கூரையில் மூடுபனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேலாமணி காத்திருந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். காலையில் கதவைப் பூட்டச் சொல்லி முதலில் கத்தியவள் அவள்தான் என்று ஆறுக்குட்டிக்குப் பிறகு சொன்னார்கள். இடுப்பில் இரண்டு வயதுப் பையன், காய்ச்சலில் கன்னம் சிவந்து, அம்மாவின் கழுத்தில் முகம் புதைத்திருந்தான். அவள் விரலால் மூன்றாவது பாட்டிலைக் காட்டினாள்.

"கமலேஷோட பாட்டில். எங்க ஊட்டுக்காரரும் டவுன்ல இருந்து வாங்கியாந்து... நேத்து ராத்திரிதான் ஊத்துனோம். ராத்திரி தூங்கிட்டான், குடுக்கல. இன்னிக்குக் காலைல நீங்க குடுத்தீங்களா ஆயாம்மா?"

வீரம்மா அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடியில ஊத்திட்டேன். பத்தாக ரெண்டு நிமிசம். அவனைத் தூக்கலாம்னு திரும்புறேன், நீங்கள்லாம் வந்து புள்ளைங்களைப் பிடுங்கிட்டுப் போயி, என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க. ஊத்தின மூடி இன்னும் அப்படியே உள்ள இருக்கு."